ஏரிக்கரையில் தந்தையும் மக்களும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊராட்சிக் கூட்டங்களில் சாலையைப் பற்றிப் பேச்சு எழுகிறது. குடிநீர்த் தொட்டியைப் பற்றி எழுகிறது. தெருவிளக்கைப் பற்றி எழுகிறது. இவையெல்லாம் பேச வேண்டியவையே. ஆனால், நம் ஊரில் ஒரு தந்தை தம் குழந்தையோடு எத்தனை நேரம் இருக்கிறார் என்ற பேச்சு எழுவது அரிது. அது வீட்டுக்குள் முடிய வேண்டிய செய்தி, ஊராட்சிக்கு அதில் என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். ஊராட்சிக்கும் அதில் வேலை உண்டு. அதைப் பெருஞ்செலவின்றிச் செய்ய வழியும் உண்டு. அதனை எடுத்துக் கூறவே இன்று உங்கள் முன் வந்துள்ளோம்.

இன்றைய நிலை

முன்னாளில் உழவன் வீட்டுப் பிள்ளை தந்தையின் நிழலில் வளர்ந்தது. விடியற்காலையில் தந்தை கவலை இறைக்கப் போனால் பிள்ளையும் கூடப் போகும். கிணற்றில் நீந்தக் கற்றதும் தந்தையிடமே. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, நீரில் இறக்கி, வயிற்றுக்கடியில் கை கொடுத்து அவரே நீச்சல் பழக்குவார். நுங்கு தின்ற கூந்தலைக் கொண்டு வண்டி செய்து கொடுப்பவரும், பனையோலையில் காற்றாடி செய்து கொடுப்பவரும் அவரே. தனியாக நேரம் ஒதுக்கிப் பிள்ளையோடு பழக வேண்டிய தேவை அன்று இல்லை. வேலையே அவர்களை ஒன்றாக வைத்திருந்தது.

இன்று நிலை வேறு. தந்தைமார் பலர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் வேலைக்குச் செல்கின்றனர்; சிலர் கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். ஊரில் இருப்பவர்களும் காலையில் பிள்ளை எழுமுன் புறப்பட்டு, அது உறங்கிய பின் வீடு திரும்புகின்றனர். பிள்ளையோ பள்ளி வண்டியில் ஏறிப் போய், மாலையில் வந்து, வீட்டுப் பாடத்தையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்க்கிறது. இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றனர். பேச இருவருக்கும் பொதுவான செய்தி இல்லை.

இதனால் நேரும் தீங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை குறும்பு செய்தால், "அப்பா வரட்டும், உனக்கு இருக்கிறது" என்று தாய் சொல்லுகிறாள். வேறு வழியின்றிச் சொல்லுகிறாள். அவளைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், பகல் முழுதும் தந்தை என்ற சொல் பிள்ளையின் காதில் அச்சுறுத்தும் சொல்லாகவே விழுகிறது. அவர் வந்ததும் பிள்ளை அறைக்குள் ஒதுங்குகிறது. அதைக் கண்ட தந்தை, "என் பிள்ளைக்கு என்னிடம் பற்று இல்லை" என்று எண்ணிக்கொள்கிறார். யாரிடமும் குற்றம் இல்லாமலே இருவருக்கும் இடையே ஒரு சுவர் எழுந்து விடுகிறது. பதினைந்து பதினாறு வயதில் அந்தப் பிள்ளைக்கு ஏதேனும் துன்பம் வந்தால், தந்தையிடம் சொல்ல அதற்கு நா எழுவதில்லை. அந்த வயதில் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லுகிறது என்பது எல்லாக் குடும்பங்களுக்கும் கவலை தரும் கேள்வியாகும்.

படிக்காத தந்தையின் தயக்கம்

இன்னொரு தடையும் உண்டு. நம் உழவர்களில் பலர் அதிகம் படியாதவர்கள். பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தை விரித்து அமர்ந்தால், தமக்கு அங்கே இடமில்லை என்று ஒதுங்கிக் கொள்கின்றனர். பிள்ளையின் கல்வி உயர உயரத் தாம் சிறுத்துப் போவதாக எண்ணி மனம் குன்றுகின்றனர். "நன்றாகப் படி" என்று சொல்வதோடு அவர்கள் பேச்சு முடிந்து விடுகிறது.

அதே மனிதரை ஏரிக்கரைக்கு அழைத்து வாருங்கள். மதகு எங்கே, கலிங்கல் எங்கே, வரத்துக்கால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். எந்த மடை திறந்தால் எந்த வயல் பாயும் என்று தெரியும். கையில் ஒரு பிடி மண்ணை எடுத்து, இது வண்டல், இது களி, இது சவுடு என்று சொல்லுவார். நாரைக்கும் கொக்குக்கும் வேறுபாடு காட்டுவார். ஏரியில் எந்த இடம் ஆழம், எந்த இடம் சேறு, மண் அள்ளிய குழி எங்கே மறைந்திருக்கிறது என்றெல்லாம் அவர் அறிவார். இந்தக் கடைசிச் செய்தி உயிர் காக்கும் செய்தி. ஏரி குளங்களில் ஆழம் அறியாது இறங்கிச் சிறுவர்கள் மாண்டனர் என்ற செய்தியை மழைக்காலந்தோறும் கேட்கிறோம். தந்தை கை காட்டிச் சொல்லியிருந்தால் அக்குழந்தைகளுள் சிலரேனும் பிழைத்திருப்பர்.

வீட்டில் வாயடைத்து நிற்கும் தந்தை கரைமேல் ஆசிரியராகி விடுகிறார். ஆதலின், தந்தையும் மக்களும் நெருங்குவதற்கு அறிவுரை தேவையில்லை. இருவரும் சேர்ந்து செய்யத் தக்க ஒரு வேலையும், அதைச் செய்ய ஒரு வெளியிடமும், அதற்கென்று ஒரு நாளுமே தேவை. அந்த நாளை அமைத்துக் கொடுப்பது ஊராட்சியால் முடியும்.

பிற நாட்டிலும் நம் நாட்டிலும்

இத்தகைய முயற்சி உலகுக்குப் புதிதன்று. அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்து ஒய். எம். சி. ஏ. சங்கத்தில் பணியாற்றிய ஹரால்டு கெல்ட்னர் என்பவர், கனடாவைச் சேர்ந்த ஓஜிப்வே பழங்குடியினரான ஜோ பிரைடே என்பவரின் துணையோடு 1926-ஆம் ஆண்டில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். தம் மக்களிடையே தந்தையே மகனை உடன் அழைத்துச் சென்று பழக்கும் வழக்கத்தை ஜோ பிரைடே எடுத்துக் கூறினார். நகரத்துத் தந்தையரும் தத்தம் சிறு மகனோடு வெளியிடங்களில் கூடும் சிறு குழுக்கள் அவ்வாறு தோன்றிப் பிற ஊர்களுக்கும் பரவின. பின்னர் 1950-களில் மகள்களுக்கும் இடம் தரப்பட்டது. பழங்குடியினரின் பெயரையும் உடையையும் விளையாட்டாக எடுத்தாண்டது பிற்காலத்தில் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அந்தப் பிழையை விலக்கி, ஒரு விதியை மட்டும் நாம் எடுத்துக் கொள்ளலாம். தந்தை மட்டும் தனியே வரலாகாது; பிள்ளை மட்டும் தனியே வரலாகாது; இருவரும் இணையாகவே வர வேண்டும் என்பதே அவ்விதி.

நம் நாட்டில் ஊர் கூடிச் செய்யும் பணிக்குப் பஞ்சமில்லை. ஏரியின் கரையையும் கால்வாயையும் குடிகளே செப்பனிடுவது குடிமராமத்து எனப்பட்டது. அப்பெயரிலேயே 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏரிகளைப் புதுப்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1950-ஆம் ஆண்டில் கே. எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது வனமகோத்சவம் என்னும் மரம் நடு விழா தொடங்கப்பட்டது. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின்போது சிரமதானம் என்ற பெயரில் ஊரார் கூடிச் சாலையும் கிணறும் அமைத்தனர்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி என்னும் பறவைப் புகலிடம் இருக்கிறது. அங்குள்ள ஏரியை நாடி வரும் பறவைகள் அஞ்சிப் பறந்து விடக் கூடாது என்பதற்காக, அருகிலுள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. குழந்தைக்குத் தீபாவளி வெடியைவிட ஆசை தருவது வேறு என்ன இருக்கிறது? அந்த ஆசையை அந்த ஊர்க் குழந்தைகள் ஆண்டுதோறும் விட்டுக் கொடுக்கின்றனர். பெரியவர்கள் செய்து காட்டியதைப் பார்த்துப் பிள்ளைகள் கற்ற ஒழுக்கம் அது.

பனை ஏன்?

தந்தையும் பிள்ளையும் சேர்ந்து செய்ய எந்த வேலை ஏற்றது? பல வேலைகளை எண்ணிப் பார்த்து, ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்றுவதே ஏற்றது என்று கருதுகிறோம்.

முதலாவது, அதற்குச் செலவு இல்லை. ஆவணி, புரட்டாசி மாதங்களில் பனம்பழம் தானே உதிர்கிறது. ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டைகள் இருக்கும். மரம் ஏற வேண்டியதில்லை. கீழே கிடப்பதைப் பொறுக்கினால் போதும். இரண்டாவது, அது குழந்தையால் செய்யக் கூடிய வேலை. கடப்பாரை பிடித்துக் குழி தோண்டுவது தந்தையின் வேலை. கொட்டையை எடுத்து வைத்து மண்ணைத் தள்ளி மூடுவது பிள்ளையின் வேலை. மூன்றாவது, கரைக்கு நன்மை உண்டு. பனையின் வேர் மண்ணைப் பற்றிக் கரையை உறுதிப்படுத்தும். வறட்சியைத் தாங்கும். நம் மாநில மரமும் அதுவே.

நான்காவது காரணம்தான் முதன்மையானது. பனை பிள்ளையோடு சேர்ந்து வளர்கிறது. அது பயன் தர 15 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகலாம். இன்று 8 வயதுச் சிறுமி தந்தையோடு சேர்ந்து ஊன்றும் கொட்டை முதற்பாளை விடும்போது அவளுக்கு வயது இருபத்தைந்தை ஒட்டியிருக்கும். அவள் வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாலும், தாய்வீடு வரும்போதெல்லாம் அந்த மரத்தைப் பார்ப்பாள்.

அவ்வளவு காலம் காத்திருக்கக் குழந்தைக்குப் பொறுமை ஏது என்று கேட்கலாம். கேள்வி சரியே. அதற்கும் பனையிலேயே வழி உண்டு. கரையில் ஊன்றியது போக மீதியுள்ள கொட்டைகளைப் பள்ளிக்கு அருகே மணற்பாத்தியில் பரப்பி மூடி வைக்க வேண்டும். தை மாதத்தில் அதைத் தோண்டினால் பனங்கிழங்கு கிடைக்கும். கொட்டையைப் பிளந்தால் தவுண் கிடைக்கும். பொங்கலன்று கிழங்கை அவித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். கரையில் ஊன்றிய கொட்டையிலிருந்து மண்ணுக்கு மேல் ஓலை தலைகாட்டப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பிள்ளை, "அப்பா, ஏன் இன்னும் முளைக்கவில்லை?" என்று கேட்டால், பாத்தியில் தோண்டிய கிழங்கைக் காட்டி, அங்கும் மண்ணுக்கடியில் இப்படித்தான் இறங்கிக் கொண்டிருக்கிறது என்று தந்தை விளக்கலாம்.

அரசின் ஆதரவும் உண்டு. 2021-ஆம் ஆண்டின் வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளும் 1 லட்சம் பனங்கன்றுகளும் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதும் அப்போது அறிவிக்கப்பட்டதே.

நடத்தும் முறை

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. ஆகஸ்டு 15-ஆம் நாள் சபையில் இதற்கான தீர்மானத்தை நிறைவேற்றுங்கள். அடுத்து வரும் வாரங்களில் பிள்ளைகளும் தந்தையரும் கொட்டை சேர்க்கட்டும். அக்டோபர் 2-ஆம் நாள் சபையில், ஊன்றும் நாளை அறிவியுங்கள். வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன், அதாவது ஐப்பசி தொடக்கத்திற்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் வேலையை முடித்து விட வேண்டும். வெளியூரில் வேலை செய்யும் தந்தையர்க்கு முன்கூட்டியே நாள் தெரிந்தால், அவர்கள் விடுப்புப் பெற்று வர இயலும்.

கரையில் 10 அடிக்கு ஒரு குழி போதும். குழிக்கு இரண்டு கொட்டை இட்டால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று நிற்கும். மதகுக்கும் கலிங்கலுக்கும் அருகே ஊன்றலாகாது. 100 ஏக்கருக்குக் குறைந்த பாசனப் பரப்புடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. உரிய இடத்தில் கேட்டுக் கொண்டே தொடங்குங்கள்.

50 தந்தையர் 50 பிள்ளைகளோடு வந்து, இணைக்கு இரண்டு குழி எடுத்தால் 100 குழிகள் ஆயின. ஏறக்குறைய 1,000 அடிக் கரை நிறைந்தது. தமிழ்நாட்டில் 12,000-க்கு மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. எல்லா ஊராட்சிகளும் இவ்வாறு செய்தால் ஓராண்டில் 12 லட்சம் குழிகள்! ஆனால், எண்ணிக்கை நமக்கு முதன்மை அன்று. 50 இணைகள் வராமல் 10 இணைகளே வந்தாலும் நாளைத் தள்ளி வைக்காமல் நடத்துங்கள்.

ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேடு திறக்கப்பட வேண்டும். குழி எண், தந்தை பெயர், பிள்ளை பெயர், நாள் ஆகிய நான்கையும் பிள்ளையே தன் கையால் எழுதட்டும். தந்தை மண்ணைப் பற்றிக் கற்பித்தார். பிள்ளை எழுத்தால் அவருக்கு உதவிற்று. மரம் ஊருக்கே உரியது, ஒருவருக்கும் தனியுரிமை இல்லை என்பதையும் பதிவேட்டின் முதற்பக்கத்திலேயே எழுதி விடுங்கள். பிற்காலத்தில் வழக்கு வராது. மாதத்திற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தந்த இணை சென்று தன் குழியைப் பார்த்து வர வேண்டும். காய்ந்த புல்லுக்கு எவரும் தீ வையாமல் காக்கவும் வேண்டும்.

மறத்தலாகாதவை

சில செய்திகளில் ஊராட்சி உறுதியாக நிற்க வேண்டும்.

மகனை மட்டும் அழைத்து வந்து மகளை வீட்டில் விட்டு வருவது கூடாது. கரையும் மதகும் ஆழமும் அவளும் அறிய வேண்டியவையே.

தந்தையை இழந்த குழந்தைகளும், தந்தை வர இயலாத தொலைவில் உள்ள குழந்தைகளும் எந்த ஊரிலும் உண்டு. அக்குழந்தைகள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கும்படி விடுவது பெருந்தவறு. தாய்மாமன், தாத்தா, பெரியப்பா, சித்தப்பா இவர்களுள் ஒருவரை முன்னரே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். ஒருவரும் இல்லையெனில் ஊராட்சி உறுப்பினர் ஒருவர் அக்குழந்தையின் கையைப் பிடித்துக் கரைக்கு ஏறட்டும். தாயே வருவேன் என்றால் தடையின்றி வரட்டும்.

குழிகளைத் தெருவாரியாகப் பிரித்துக் கொடுக்கலாகாது. குலுக்கல் முறையில் கொடுங்கள். எல்லாத் தெருத் தந்தையரும் பிள்ளைகளும் அடுத்தடுத்து நின்று ஒரே கரையில் மண் தள்ளட்டும். ஒரே பானையில் வைத்த கஞ்சியை எல்லாரும் குடிக்கட்டும். இதில் தடை சொல்பவர் இருந்தால், ஏரி நீர் எந்தத் தெருவையும் கேட்டுப் பாய்வதில்லை என்பதைப் பெரியவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

குடித்து விட்டு வருபவரைக் கரைக்கு ஏற விடாதீர்கள். ஆனால், அவர் பிள்ளையின் எதிரில் அவரை ஏசாதீர்கள். அமைதியாக ஒருபுறம் அழைத்துச் சென்று, அடுத்த ஞாயிறு வரச் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தாம் தேவைப்படுகிறோம் என்று உணர்ந்தவர் திருந்துவதற்கு இடமுண்டு. பிள்ளை முன் தலைகுனிந்தவர் மீண்டும் அந்தப் பக்கம் வர மாட்டார்.

இது கூலி வேலை அன்று. 14 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு அமர்த்துவதைச் சட்டம் தடுக்கிறது. களைத்த குழந்தை உட்காரட்டும், ஓடி விளையாடட்டும். வளைகளில் பாம்பு இருக்கலாம். கை விடாதிருக்கப் பழக்குங்கள். நீர் நிறைந்த பக்கம் நீச்சல் அறிந்த இருவரை நிறுத்தி வையுங்கள். குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் கரையிலேயே இருக்க வேண்டும்.

முடிவாக ஒன்று. அந்த மூன்று மணி நேரமும் தந்தையர் கைப்பேசியை எடுத்துப் பேசாதிருக்க வேண்டும். படம் எடுப்பதற்கு ஊராட்சி ஒருவரை நியமித்துக் கொள்ளட்டும். பிள்ளை கேட்கும் கேள்வி அற்பமாகத் தோன்றினாலும் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால், "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அதனால் மதிப்புக் குறையாது.

உழவர் பெருமக்களே! வள்ளுவர் மக்கட்பேறு என்று ஓர் அதிகாரமே வகுத்து, தந்தை மகற்கு ஆற்றும் உதவியையும், மகன் தந்தைக்கு ஆற்றும் உதவியையும் அதனுள் எடுத்துரைத்தார். அவ்வுதவியைச் செய்யப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகள் இருப்பதாகக் கணக்கு உண்டு. நம் முன்னோர் அவற்றை வெட்டிக் கரை எடுத்து வைத்துப் போயினர். அந்தக் கரை நமக்குக் காத்திருக்கிறது. வருகிற கிராம சபையில் உங்கள் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில் இந்த ஒரு தீர்மானம் ஏறட்டும். தீர்மானத்தை முன்மொழிபவர், அந்த ஞாயிற்றுக்கிழமை தம் பிள்ளையோடு முதல் ஆளாகக் கரைக்கு வரட்டும். மற்றவர்கள் தாமே வருவார்கள்.